பெருநாள் வரைக்கும் ஒரு கடன்

திருகோணமலை,
24.11.2024

அன்புத் தங்கச்சி பல்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவனின் காவல் உன்னையும், உன் மகள் நுஸ்ரத்துக்கென்று கட்டிக் கூரையில்லாமல் மாரி மழையில் நனைந்து நிற்கும் புதுவீட்டையும் சூழ்ந்திருக்கட்டும். நானும் உன் மதினி சுஹைராவும் நலம். முழங்கால் வலியைத் தவிர முறையிட எனக்கு ஒன்றுமில்லை. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் நின்றபடி கணக்கெழுதிய கால் அது.

தொலைபேசியில் கதைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இரண்டு. என் செவி மந்தமான பிறகு, அக்கரைப்பற்றிலிருந்து நீ சொல்வதைச் சுஹைரா எனக்கு உரத்துத் திருப்பிச் சொல்கிறாள். எங்கள் பகுதி ஓர்ஸ் ஹில் முழுவதும் நம் குடும்பக் கதையைக் கேட்கிறது. மற்றது, கடன் கேட்பவன் எழுத்தில் கேட்பதே நம் மார்க்கத்தின் ஒழுங்கு. ஓம், கடன்தான் கேட்கிறேன்.

வயல் விற்ற பன்னிரண்டு இலட்சமும் நுஸ்ரத்தின் கூரைக்கென்று, மாரி முடியும்வரை, வட்டி சேராத கணக்கில் வெறுமனே கிடப்பதாகச் சொன்னாய். நோன்புப் பெருநாள் வரைக்கும் அதை எனக்கு வட்டியில்லாத கடனாகத் தருவாயா? என்னோடு வேலைசெய்த ஞானசேகரம் தன் ஓய்வுப் பணத்தில் கொழும்புப் பங்குச்சந்தையில் பங்குகள் வாங்கி நல்ல இலாபம் கண்டிருக்கிறார். என் ஓய்வுப் பணம் இரண்டு பெண்மக்களின் வீடுகளாகிவிட்டது. நான் குடியிருப்பதும் சுஹைராவின் சீதன வீடு. எழுபது வயதில் என் பேரில் இருப்பவை ஒரு சைக்கிளும் ஒரு புத்தக அலுமாரியும்தான். கண் மூடுமுன் அவளை ஒருமுறை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

மறுப்பதென்றால் தயங்காமல் மறு. உறவில் கீறல் விழாது.

உன் நலத்துக்காகக் கையேந்தும்,
காக்கா தாஹிர்

*

அக்கரைப்பற்று,
03.12.2024

மதிப்புக்குரிய காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலுக்குப் பூசத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பூசுங்கள், அலுமாரியில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பணத்தை இன்று உங்கள் கணக்கில் போட்டுவிட்டேன். பங்குச்சந்தை எனக்கு விளங்காது. நுஸ்ரத்திடம் மட்டும் சொன்னேன், அவளுடைய கூரையல்லவா. "மாமாட கையில குடுத்தா பள்ளிவாசல் பெட்டிக்குள்ள போட்ட மாதிரித்தானே உம்மா, என்னத்துக்கு யோசிக்கீங்க?" என்று சிரித்தாள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நுஸ்ரத்தின் நிக்காஹ் ஏப்ரல் 27ஆம் திகதி. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் தச்சர் அலியார் வருகிறார். காசைக் காணாமல் அவர் ஓர் ஆணியும் அடிக்கமாட்டார். மாப்பிள்ளை முனாஸின் வீட்டார் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம்தான் கூடுதலாகக் கூச்சமாயிருக்கிறது. நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். வானத்துக்குக் கீழே அவரை எங்கே இருத்துவது?

துஆவோடு,
பல்கீஸ்

*

திருகோணமலை,
22.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். தைலம் பூசினேன். வலி அரைவாசி குறைந்தது. மணத்தைத் தாங்காமல் சுஹைரா அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

பணத்தை எதில் போட்டேன் என்று அறியும் உரிமை உனக்குண்டு. மூன்று கிழமை ஆராய்ந்தேன். வங்கிப் பங்குகளை வட்டிக்காக விலக்கினேன். மது, புகையிலை விற்கும் கம்பனிகளை விலக்கினேன். பெருங்கடனில் நடக்கும் கம்பனிகளையும் விலக்கினேன். எஞ்சியவற்றுள் அமெரிக்காவுக்கு இறப்பர் கையுறை ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு பங்கு அறுபது ரூபா வீதம் ஏறத்தாழ இருபதாயிரம் பங்குகள் வாங்கினேன்.

தரகு அலுவலகத்துப் பையன் கதிரையை இழுத்துப்போட்டு, "சேர், உங்கட பன்னிரண்டுக்கு மேல நாங்கள் இன்னொரு ஆறு கடனாத் தாறம். சின்ன வட்டிதான்" என்றான்.

"தம்பி, சின்னப் பன்றி எண்டு ஒண்டு இருக்கா?" என்றேன். பக்கத்திலிருந்த ஞானசேகரம் தேநீரைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் சிரிக்கவில்லை. "காணும், பங்கு நல்ல பங்குதான். ஆனா நான் போட்டது என்ர காசு. விழுந்தா அஞ்சு வருசம் எண்டாலும் குந்தியிருப்பன். உம்மால குந்தியிருக்க ஏலுமோ?"

"வட்டியில்லாக் கடனப்பா. கடன் தந்தவளும் என்ர தங்கச்சி. ஆர் என்னைத் துரத்தப்போகினம்?"

நேர்மையான வழியில் வந்த பணம், நேர்மையான தொழிலில் இருக்கிறது. உன் நெஞ்சு நிம்மதியாயிருக்கட்டும்.

இறைவன் நாடினால் பெருநாளில் சந்திப்போம்.
தாஹிர்

*

திருகோணமலை,
18.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அருளாளனின் நிழல் உங்கள்மேல் விரியட்டும். என் முந்திய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. கலியாண வேலைகளில் நீ மூழ்கியிருப்பாய்.

நற்செய்தி சொல்லவே எழுதுகிறேன். அறுபதுக்கு வாங்கிய பங்கு இன்று எழுபத்தொன்று. உட்கார்ந்த இடத்தில் இரண்டு இலட்சத்துச் சொச்சம் சேர்ந்திருக்கிறது. ஞானசேகரம் விற்கச் சொல்கிறார். பெருநாளுக்குள் எண்பதைத் தொடும் என்பது என் கணிப்பு. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கென்று ஒரு வாசல் திறக்கிறதே என்று கண் கலங்குகிறது.

இன்னொன்று. கடனைத் தீர்க்கும்போது என் மனமுவந்து ஓர் இலட்சம் கூடச் சேர்த்துத் தருவேன். நீ கேட்கவில்லை, நானும் முன்கூட்டிப் பேசிக் கடன் வாங்கவில்லை. ஆகவே அது வட்டியாகாது. மாமன் மருமகளுக்குத் தருவது. மறுக்காதே.

அன்புடன்,
காக்கா

*

அக்கரைப்பற்று,
09.03.2025

காக்காவுக்கு,

ஸலாம். நோன்பு உங்களுக்கு இலேசாகட்டும். விடியுமுன் ஸஹர்ச் சோற்றுக்கு மதினியை எழுப்பிவிட்டு நீங்கள் மறுபடி படுத்துவிடுவதாகக் கேள்விப்பட்டேன். இந்த வருடமாவது திருந்துங்கள்.

மழை விட்டுவிட்டது. சுவர்கள் காய்ந்து வெண்மையாயிருக்கின்றன. மரம், ஓடு, கூலி எல்லாம் சேர்த்து அலியார் கணக்கெழுதித் தந்துவிட்டார். பன்னிரண்டு இலட்சத்தில் ஒரு சதமும் மிஞ்சாது. பெருநாளுக்கு மூன்றாம் நாள் காசு என் கையில் இருக்க வேண்டும். பெருநாளுக்கு முன்னரே அனுப்பினால் இன்னும் நல்லது.

நுஸ்ரத் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்த வெறும் சுவர்களுக்குள் போய் நின்று, எந்த மூலையில் எதை வைப்பதென்று யோசிக்கிறாள்.

துஆச் செய்யுங்கள்.
பல்கீஸ்

*

திருகோணமலை,
10.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் பெருநாளை மகிழ்ச்சியாகக் கழித்திருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் சுகம். இங்கே வெயில் கடுமை. கடற்கரை வீதியில் நிலாவெளிப் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் மயங்கி விழுந்தாராம். உள்துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று ஐந்து நாட்களாக நிற்கிறது. என் முழங்கால் தேவலை.

சொன்ன நாளுக்கு ஒரு கிழமை பிந்தியதற்குப் பொறுத்துக்கொள். இன்று உன் கணக்கில் எட்டு இலட்சத்துப் பத்தாயிரம் போட்டிருக்கிறேன். அலியாருக்கு இப்போது இது போதும் என நினைக்கிறேன். மீதி, சிறிய அலுவல் ஒன்று முடிந்ததும் வரும்.

நுஸ்ரத்துக்கு மாமாவின் ஸலாம். முனாஸின் வீட்டாரைக் கேட்டதாகச் சொல்.

தாஹிர்

*

அக்கரைப்பற்று,
16.04.2025

காக்கா,

ஸலாம். சுகம்.

உங்கள் கடிதத்தில் வெயில் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, மயங்கி விழுந்த ஆள் இருக்கிறார். என் மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம் எங்கே என்பது இல்லை.

நானும் பத்திரிகை வாசிக்கிறேன். நம் நாட்டிலிருந்து போகும் பொருட்களுக்கு அமெரிக்கா தீர்வை போட்டதும், பங்குச்சந்தை விழுந்ததும் படத்தோடு வந்திருந்தது. கையுறைக் கம்பனி என்று நீங்கள் எழுதியது எனக்கு மறக்கவில்லை.

ஓடு வாங்கக் காசில்லாமல் அலியார் கூரைச் சிலாகை மரங்களை அடித்ததோடு இறங்கிவிட்டார். இன்னும் பதினொரு நாள். மீதிக் காசு இருக்கிறதா, இல்லையா? ஒரு சொல்லில் எழுதுங்கள்.

பல்கீஸ்

*

திருகோணமலை,
19.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். நீ கேட்ட ஒரு சொல்: இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். நோன்பின் கடைசிப் பத்து நாளும் நான் இஃதிகாப் இருந்தேன். பள்ளிவாசலுக்குள் தங்கி வணக்கத்தில் இருப்பவன் வாணிபம் பேசக்கூடாது என்பது உனக்குத் தெரியும். ஆறாம் நாள் ஞானசேகரம் வந்து, நான் இருந்த பள்ளி ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, என் செவிக்கு எட்ட உரத்துச் சொன்னார்.

"காணும், அறுபத்தெட்டில நிக்குது. வித்துத் துலைப்பம். ஒரு 'ஓம்' சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன்."

நான் ஆகாது என்று கையை உயர்த்தினேன்.

"வாயாலை வேண்டாமப்பா, தலையை ஆட்டும். அது வியாபாரமோ?"

ஜன்னலை மூடிவிட்டேன். அந்த நிமிடத்தில் என் பக்தியைக் குறித்து எனக்கு மிகுந்த திருப்தி ஏற்பட்டது. அந்தத் திருப்தியை உன் பணத்தில்தான் வாங்கினேன் என்பது இப்போது விளங்குகிறது. கடன் தீர்க்க நாள் குறித்தவன், பள்ளிக்குள் நுழையுமுன் விற்றுவிட்டல்லவா நுழைந்திருக்க வேண்டும்?

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் விற்கப் போனேன். அன்று காலைதான் தீர்வைச் செய்தி வந்தது. விலை ஐம்பத்தாறு. உன் பன்னிரண்டு இலட்சத்தைக் குறைத்துக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஏறட்டும் என்று திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை நாற்பத்து மூன்று. செவ்வாய்க்கிழமை, அலியார் காத்திருக்கிறாரே என்று நாற்பத்தொன்றுக்கு விற்றேன்.

அதே பங்குகள் ஞானசேகரத்திடமும் இருக்கின்றன. அவர் ஒன்றைக்கூட விற்கவில்லை. "எனக்கென்ன அவசரம்?" என்றார். என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அவசரமில்லை. வட்டி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நான் எண்ணினேன். கடன் வாங்கிய பணத்துக்கு வட்டி இல்லாவிட்டாலும் ஒரு தவணை நாள் இருக்கிறது. அந்த நாள் வந்து என் கையைப் பிடித்து விற்க வைத்தது.

நிக்காஹுக்கு வர எனக்கு முகமில்லை. சுஹைராவை அனுப்புகிறேன்.

தாஹிர்

*

அக்கரைப்பற்று,
22.04.2025

காக்கா,

ஸலாம். அலியார் நேற்றிலிருந்து கூரைமேல் இருக்கிறார். ஓடு வந்திறங்கிவிட்டது. எப்படி என்று கேட்க வேண்டாம்.

வாப்பா இல்லாத வீட்டில் நுஸ்ரத்தின் நிக்காஹுக்குச் சாட்சியாக நிற்க மாமா வருவார் என்று, அதை நடத்தும் லெப்பையிடம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை பஸ் ஏறுங்கள்.

பல்கீஸ்

*

திருகோணமலை,
04.05.2025

அன்புத் தங்கச்சி பல்கீஸுக்கு மதினி சுஹைரா எழுதுவது,

ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டித் தந்த சோறு கந்தளாய் வரைக்கும் காணாது. உன் காக்கா பஸ் ஏறியதுமே பொட்டலத்தைத் திறந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் மனுஷன் அதைத் தொடவேயில்லை.

எழுதிப் பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறு. சபையில் உன் கை இரண்டும் மொட்டையாக இருந்ததைக் கண்டேன். கேட்டதற்கு, "பந்தல் வேலை மதினி, களட்டி வச்சிரிக்கன்" என்றாய். கலியாண வீட்டில் பெண்ணின் உம்மா வளையல் கழற்றுவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எந்த வங்கியில் வைத்தாய்? என்ன வட்டி? அவரிடம் நான் சொல்லவில்லை.

அவரும் என்னிடம் ஒன்று சொல்லவில்லை. விடியச் சைக்கிளில் புறப்பட்டுப் போகிறார், வாசிகசாலைக்கு என்கிறார். நேற்றுச் சட்டை துவைக்கும்போது தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது. ஞானசேகரத்தின் பெண்சாதியைக் கேட்டேன். இறங்குதுறைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் சீமெந்து மூடை எண்ணி எழுதுகிறாராம். எழுபது வயதில்.

இந்தக் கடன் எதற்கென்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஹஜ்ஜுக்கு என்னைக் கேட்டிருந்தால், வீட்டில் இருந்து ஓதிக்கொள்கிறேன் மனுஷா என்று சொல்லியிருப்பேன்.

மறுமொழி எழுது.
சுஹைரா

*

திருகோணமலை,
17.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மன்னிப்பாளனின் கருணை உன் இல்லத்தை நிறைக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேலாக உன் எழுத்து இல்லை. சுஹைராவின் கடிதத்துக்கும் நீ மறுமொழி எழுதவில்லை என்று நேற்றுத்தான் அவள் அழுதபடி சொன்னாள். என்ன எழுதினாள் என்பதையும் சொன்னாள். உடனே முனாஸுக்குத் தொலைபேசி எடுக்கச் செய்தேன். மருமகன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான்கு வளையல்களும் அடகாக வங்கி அடைவில், மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வட்டி.

பல்கீஸ், தரகனின் வட்டியை விலக்கினேன், வங்கிப் பங்குகளை விலக்கினேன், என் கை சுத்தமென்று இறுமாந்தேன். நான் விலக்கிய அந்த வட்டி இருநூறு கிலோமீற்றர் நடந்து வந்து உன் கையில் ஏறியிருக்கிறது. தொழுகையில் உட்காரும்போதெல்லாம் உன் வெறுங்கை கண்முன் நிற்கிறது.

மே மாதத்திலிருந்து மாதம் இருபதாயிரமாக உனக்கு அனுப்புவது எந்தப் பணமென்று இப்போது அறிந்திருப்பாய். இந்த மாதத்தோடு எண்பதாயிரம். மீதி மூன்று இலட்சத்துப் பத்தாயிரம்.

அந்தப் பங்கு இப்போது அறுபத்தேழு ரூபாவாம். ஞானசேகரம் சொல்ல வெட்கப்பட்டு, நான் வற்புறுத்தியபின் சொன்னார். "நீர் பிழையான பங்கை வாங்கேல்லைக் காணும். உம்மட்டைக் காத்திருக்கக் காலம்தான் இருக்கேல்லை" என்றார். அவரோடு இருந்து தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறைக்காமல் இன்னொன்றும் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை களஞ்சியத்தில் தலைசுற்றி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனம் என்கிறார்கள். மௌத்து வந்து கண் மூடுவதற்கு நான் அஞ்சவில்லை. என் மையித்தை முன்னால் கிடத்தித் தொழுவிக்குமுன் இமாம் சபையைப் பார்த்து, இவருக்குக் கடன் உண்டா என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்கு அஞ்சுகிறேன். கடனை விட்டுக்கொடு என்று நான் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்தாலும் ஏற்கமாட்டேன். வேகமாகக் கட்டி முடிக்க, பின்னேரத்திலும் வேலை கேட்டிருக்கிறேன்.

உன் மறுமொழிக்குக் காத்திருக்கும்,
தாஹிர்

*

அக்கரைப்பற்று,
30.08.2025

மதிப்புக்குரிய காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். நுஸ்ரத்துக்கு இரண்டாம் மாதம். முதலில் உங்களுக்குத்தான் சொல்லச் சொன்னாள்.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்திருப்பீர்கள். முதல் மாதம் கோபம்தான். அதற்குப் பிறகு வெட்கம். பெப்ரவரியில் விலை ஏறிய கடிதம் வந்தபோது, விற்றுவிட்டுக் காசைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கூட ஓர் இலட்சம் தருவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். பேனாவை வைத்துவிட்டேன். அன்று பின்னேரமே கடைக்குப் போய் நுஸ்ரத்தின் குசினிக்கு மாபிள் பார்த்தேன், காக்கா. பச்சை நிறத்தில் சிறு பூப்போட்டது. மார்ச்சில் உங்களுக்கு எழுதியபோது அந்த இலட்சத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதாதது, வேண்டாம் என்றால் தராமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில். நீங்கள் ஜன்னலை மூடுமுன் நான் பேனாவை மூடியிருக்கிறேன். ஆகவே தண்டனை முழுவதையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

வளையலைப் பற்றிக் கவலை வேண்டாம். தங்கம் விலை ஏறியிருந்தது. இரண்டை விற்று அடைவை மீட்டுவிட்டேன். கைக்கு ஒன்றாக இரண்டு போட்டிருக்கிறேன். இனி வட்டி ஓடவில்லை.

இப்போது எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள். மதினியையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

பல்கீஸ் ஆகிய நான், புத்தித் தெளிவோடு என் கைப்பட எழுதுவது: என் காக்கா தாஹிர் எனக்குத் தரவேண்டியது மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. அவர் உயிரோடிருக்கும்வரை அது கடன். ஒரு சதமும் குறைக்கமாட்டேன். அவருக்கு மௌத்து வந்தால், அந்தக் கணத்தில் மீதி எவ்வளவோ அவ்வளவையும் அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன். இமாம் கேட்கும்போது கடன் இல்லை என்று சபை சொல்லலாம். சாட்சி: மகள் நுஸ்ரத், மருமகன் முனாஸ். இருவரும் இந்தத் தாளின் ஓரத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

விட்டுக்கொடுத்தால் ஏற்கமாட்டேன் என்றீர்கள். இதை மறுக்க நீங்கள் அப்போது இருக்கப்போவதில்லை.

இனித் தவணை. மாதம் இருபதாயிரம் எனக்கு வேண்டாம். பத்தாயிரம் போதும். அதற்குமேல் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். மூடை எண்ணுவதை நிறுத்துங்கள். அலியாரின் மைத்துனர் உங்கள் ஊரில் சின்னக்கடைப் பக்கம் பலகைக் கடை வைத்திருக்கிறார். நிழலில் கதிரைபோட்டு இருந்து கணக்கெழுத நம்பிக்கையான ஆள் தேடுகிறார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். டாக்டர் தரும் குளிசைக்குக் காசு போதாவிட்டால் என் தவணையைப் பிந்தித் தாருங்கள், நான் துரத்தமாட்டேன்.

கணக்கு உங்களுக்குத் தெரியும். மாதம் பத்தாயிரம் என்றால் முப்பத்தொரு மாதம். அதுவரைக்கும் நீங்கள் உயிரோடிருந்து எனக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர். இடையில் மௌத்தாகி என்னை நட்டப்படுத்தப் பார்க்க வேண்டாம், காக்கா.

துஆவோடு,
உங்களுக்குக் கடன் தந்த தங்கச்சி,
பல்கீஸ்